மரத்த பக்கம்

பல் டாக்டரான தம்பியின் கிளினிக்கில் ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்புவது அக்காவின் வேலை. பல் பிடுங்க வருகிறவர் யாரானாலும் முதலில் பிரஷர் பார்த்தாக வேண்டும். அன்று நாற்காலியில் சாய்ந்திருந்தது அவள் கணவர். மெஷினை எடுத்துக்கொண்டு போனவளைத் தம்பி கையசைத்துத் தடுத்தான்.

"அக்காகூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணவருக்கு பிரஷர் இல்லாமலா இருக்கும்? அதை உள்ள வை."

மூவருமே சிரித்தார்கள். தலைவலிகூட இல்லாதவனுக்கு மாத்திரை எதுக்கு என்று அவர் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தது அவளுக்குத் தெரியும். தம்பியிடம் சொன்னால் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள்.

இடது கடைவாய்ப் பல் சிரமமில்லாமல் வந்தது. பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்து உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் ஏதோ சொன்னார். வார்த்தை குழறியது. வாய் கோணி எச்சில் வழிந்தது. அந்த அறையில் தினமும் பார்க்கிற காட்சிதான். மரப்பு ஊசி போட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

"கோணினாலும் மாப்பிள்ளை களை போகலை," என்று கேலி செய்தாள். தண்ணீர் தம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. தரையைத் துடைத்துவிட்டு, உள்ளறை பெஞ்சில் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். தம்பியிடம் சொன்னதற்கு, அடுத்தவர் வாயிலிருந்து கண்ணை எடுக்காமலே, மரப்பு போக நேரமாகும், தூங்கட்டும் என்றான்.

கூட்டம் ஓய்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எழுப்பப் போனாள். பஞ்சு இடது கன்னத்தில் உப்பியிருந்தது. தொங்கியிருந்தது வலது பக்கம். வலது கையைத் தூக்கினாள். விட்டதும் பொத்தென்று விழுந்தது.

எப்போது ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். காலையில் என்றாள். மூளையில் அடைப்பைக் கரைக்கிற மருந்துக்கு நேரம் தாண்டிவிட்டது, வாய் கோணியதுமே கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார்கள்.

வீடு திரும்பிய பிறகு தம்பி பார்க்க வந்தான். ஊசி போட்ட அன்று வாய் கோணினால் யாராயிருந்தாலும் மரப்பு என்றுதான் நினைப்பார்கள் என்று, கேட்காத கேள்விக்குக் கட்டிலருகே நின்று பதில் சொன்னான்.

"நீ ஊசி போட்டது இடது பக்கம்டா."

அவன் தரையைப் பார்த்தான். அவளும் தரையைத்தான் பார்த்தாள். தம்ளர் விழுந்தபோது துடைத்துவிட்டு நகர்ந்தது அவள்தானே. பிரஷர் மாத்திரையைப் பிரித்துக் கணவரின் நாக்கில் வைத்தாள். அவர் விழுங்கினார். எதற்கு என்று கேட்க இப்போது அவரிடம் வார்த்தை இல்லை.