பந்தல்குடி ரோட்டுக் கரும்புகை

காரைக் கிளப்பினால் முதல் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் கரும்புகை. சீனிச்சாமி நான்கு நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பாளையம்பட்டியில் தன் ஒர்க்ஷாப்பில் கார்புரேட்டர் ஸ்குரூவை அரைச்சுற்று திருகிப் பெட்ரோலைக் குறைப்பான். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, பந்தல்குடி ரோட்டில் ஓட்டிப் போவான். கருவேலங்காடு ஆரம்பிக்கும் இடத்தில் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்பாக வரும். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. இன்னும் அரைச்சுற்று திருகுவான். மறுபடியும் கரிதான்.

கார் ஜப்பான் கார். சிங்கப்பூரில் ஓடி, கப்பலில் வந்தது. பருத்திக் கமிஷன் கடை ராமசுப்பு தொண்ணூற்று மூன்று பொங்கலுக்கு மதுரையில் வாங்கியிருந்தார். திங்கட்கிழமை வந்தவர் நின்றபடியே சொன்னார்: "வியாழக்கிழமைக்குள்ள முடியலன்னா சொல்லிரு சீனி. ஒன் சகலகிட்ட விட்டுர்றேன். அவரு சிங்கப்பூருல இந்த வண்டியத்தான பாத்தவரு."

அவனுக்கு 'நீ', சகலை ஐயாத்துரைக்கு 'அவரு'. இரண்டு பேரும் ஒரே லாரி ஷெட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு ஸ்பேனர் பிடித்தவர்கள். அக்காளும் தங்கையுமாகக் கட்டினார்கள். ஐயாத்துரை ஆறு வருஷம் சிங்கப்பூர் போய்வந்து, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட கடை திறந்தான். டாக்சிக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். இந்தக் காரும் போய்விட்டால் மிச்சமிருக்கும் நாலு பேரும் போய்விடுவார்கள் என்று சீனிச்சாமிக்குத் தெரியும்.

சோறு போடும்போது மனைவி ஆவுடைத்தாய் சொன்னாள்: "தங்கச்சி வீட்டுக்காரக பேண்ட்டுல ஒரு சொட்டு ஆயில் இருக்காதாம். அவ சொல்லிச் சொல்லி மாயுறா."

"வேல பாத்தாத்தான ஆயில் ஒட்டும்."

"அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டாத்தான் என்னங்க?"

அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். சோறு பாதி அப்படியே இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் காரை ஓட்டவில்லை. இஞ்சின் ஆறட்டும் என்று விட்டு, நின்ற இடத்திலேயே கிளப்பி, சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முள் நடுவுக்கு வந்தது. புகை வந்தது. வண்டி ஓர் அடிகூட நகரவில்லை. அப்படியானால் தூரத்துக்கும் புகைக்கும் சம்பந்தமில்லை. சூடு ஏறியதும் யாரோ அவன் வைத்த அளவை மாற்றுகிறார்கள். ஒரு கணம் ஐயாத்துரைதான் உள்ளே உட்கார்ந்து ஸ்குரூவைத் திருப்பிவிடுகிறான் என்று தோன்றியது. தோன்றியதற்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

வயர்களைப் பிடித்துக்கொண்டு போனான். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதுதான் கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒரு வயர் கார்புரேட்டருக்குப் போனது. இன்னொன்று புகைக்குழாயில் பிளக் மாதிரி முறுக்கியிருந்த ஒரு சாமானுக்கு. அவனுக்கு வேலை புரிய ஆரம்பித்தது. புரியும்போது வரும் அந்தக் குறுகுறுப்பில் ராமசுப்புவையும் மறந்தான். குழாயில் இருப்பது மூக்கு. புகையை முகர்ந்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதற்கேற்பக் கூட்டும், குறைக்கும். மூக்கு சூடானால்தான் வேலை செய்யும். அதுவரை பெட்டி தன் சொந்த அளவிலேயே ஓட்டும். ஆக, சூடான பிறகு மூக்கு பொய் சொல்கிறது. 'பெட்ரோல் பத்தல, பத்தல' என்கிறது. இவன் குறைக்கக் குறைக்கப் பெட்டி ஊற்றுகிறது.

மூக்கைக் கழற்றினான். நுனி முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. இருபது வருஷமாக அம்பாசடர் குழாய்களில் சுரண்டிய அதே சாம்பல். நம் பெட்ரோலில் கலக்கும் ஈயம். பெட்ரோல் டேங்க் மூடியில் ஒட்டியிருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தான்: ஈயமில்லாத பெட்ரோல் மட்டும். அருப்புக்கோட்டையில் அதற்கு எங்கே போவது?

வியாழக்கிழமை காலையில் ராமசுப்பு ஐயாத்துரையையும் கூட்டிக்கொண்டு வந்தார். சீனிச்சாமி இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கருவேலங்காடு வந்தது, போனது. பந்தல்குடியில் திருப்பினான். பின்னால் ரோடு சுத்தமாக இருந்தது.

ராமசுப்பு சிரித்தார். "சகலகிட்ட கேட்டுக்கிட்டயாக்கும்."

சீனிச்சாமிக்குக் காது சுட்டது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல மொதலாளி" என்றான் ஐயாத்துரை. "எங்கிட்டயும் இதே புகையோட ஒரு வண்டி நாலு மாசமா நிக்குது. கம்ப்யூட்டர் போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். சிங்கப்பூருல இப்படி வந்ததே இல்ல." பின் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தான். "என்ன சகல செஞ்சீங்க?"

மழுப்பிவிட்டால் போதும். இந்த மாதிரி வண்டி எது வந்தாலும் பாளையம்பட்டிக்குத்தான் வரவேண்டும். கண்ணாடிக் கதவு சும்மா திறந்து மூடும். சீனிச்சாமி அதை நன்றாக ஆசை தீர நினைத்துப் பார்த்தான். ஆனால் கேட்டவன் குரலில் அந்தக் குறுகுறுப்பு இருந்தது. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பானட்டைத் தூக்கினான்.

"இங்க வாங்க. புகைக்குழாய்ல இருக்குது பாருங்க சென்சாரு, அதுல நம்ம பெட்ரோல் ஈயம் படிஞ்சு செத்துப்போச்சு. அதோட வயர மட்டும் கழத்தி விட்டுருங்க. கம்ப்யூட்டரு சொந்த அளவுக்கு வந்துரும். அப்பறம் பிளக்கு செங்கல் நெறத்துக்கு வர்ற வரைக்கும் ஸ்குரூவக் கொறைங்க. வச்ச எடத்துல நிக்கும்."