சிதைக்கப்பட்ட ஜன்னல்

ஆற்றங்கரைப் பழங்கிடங்கின் மாடியில் நின்றுகொண்டு, கடைசி ஜன்னலுக்கு நேராக ‘சிதைக்கப்பட்டது’ என்று எழுதி மதிப்பெண்ணைக் கழித்தாள் மதிப்பீட்டாளர். மற்ற ஜன்னல்களெல்லாம் மூக்கும் முழியுமாக இருக்க, இது மட்டும் சட்டத்தோடு பெயர்க்கப்பட்டு, கீழ்ச்சுவரும் முழங்கால் உயரத்துக்கு இடிந்து கிடந்தது. பாரம்பரியக் கட்டடம் என்று அவள் சொல்லாவிட்டால் அடுத்த வாரமே தரைமட்டமாக்கி வண்டி நிறுத்துமிடம் கட்டிவிடுவார்கள். கட்டட்டுமே என்றுதான் நினைத்தாள். பழைய சுவரைக் கண்டாலே உருகிப்போகிற ரகம் இல்லை அவள்.

அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அம்மா வந்தாள். கொடுத்தோமா போனோமா என்று இருந்தால் அது அம்மா இல்லையே. மகள் வேலை பார்க்கும் லட்சணத்தைப் பார்க்க, கொண்டைமேல் உட்கார மறுத்த தலைக்கவசத்தைக் கையால் பிடித்தபடி மாடியேறினாள். வளவளவென்று பேசிக்கொண்டே வந்தவள், உடைந்த ஜன்னலருகே சுவரில் பதித்திருந்த இரும்பு வளையத்தைப் பார்த்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது வழியாதான்டி உன்னக் குடுத்தேன்.”

வெள்ளத்தில் கைக்குழந்தையாக இருந்த தன்னை அண்டாவில் வைத்துப் படகில் இறக்கிய கதை மகளுக்குத் தெரியும். அதனால்தான் உறவுக்காரர்களுக்கெல்லாம் அவள் இன்றுவரை ‘அண்டா’. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே சித்தப்பா அப்படிக் கூப்பிட்டு மானத்தை வாங்கினார். எந்தக் கட்டடம் என்பதை மட்டும் அம்மாவால் சொல்ல முடிந்ததில்லை. கொட்டுகிற மழையில் யாரோ இழுத்து வந்து ஏற்றிய மாடி அது. படகை அந்த வளையத்தில்தான் கட்டியிருந்தார்கள். அண்டா ஜன்னலில் நுழையாமல் போக, முன்பின் தெரியாதவர்கள் கடப்பாரையால் சட்டத்தைப் பெயர்த்துச் சுவரையும் இடித்தார்கள்.

“மொகத்தக்கூட சரியா பாக்கல. ஒரு நன்றி சொல்லணும்னாலும் யார்கிட்டப் போய்ச் சொல்ல?” என்றாள் அம்மா.

மகள் தான் எழுதியதைத் திரும்பப் பார்த்தாள். தனக்காக உடைத்த சுவருக்குத் தன் கையாலேயே மதிப்பெண் கழித்திருக்கிறாள். அடித்துத் திருத்த ஒரு கோடு போதும். ஆனால் தன்னைக் காப்பாற்றிய கட்டடத்துக்குத் தானே தீர்ப்பு எழுதினால் நாளைக்கு அது செல்லுமா? அலுவலகத் தலைவருக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மதிப்பெண் போடுவதில் அவர் மகா கஞ்சர்.

“அப்ப நீங்க மார்க் போடக் கூடாதும்மா. நீங்க சாட்சி” என்றார் அவர் நிதானமாக. “நாளைக்கு நானே வந்து பாக்கறேன். அம்மாவையும் இருக்கச் சொல்லுங்க.”

வேறு வாக்கு எதுவும் அவர் கொடுக்கவில்லை. அவ்வளவுக்கே அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால், அம்மா தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துப் புடவைத் தலைப்பை நனைத்து, இடிந்த செங்கற்களின் மேலிருந்த புறா எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவர் நாளைக்குத்தாம்மா வராரு.”

“அவருக்காக இல்லடி.”

மகள் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். துடைத்த இடமெல்லாம் செங்கல் சிவப்பாக வெளியே வந்தது.