தலையணை மலை

எங்கள் வீட்டில் ஆள் மூன்று, வேலைமேஜை ஒன்று. ரிமோட்டில் ஓடும் குட்டி வண்டிகளைப் பாறையில் ஏற்றும் போட்டியில் யார் ஜெயிக்கிறாரோ, வருஷம் முழுக்க மேஜை அவருக்கு. தோற்றவர் தரையில் உட்கார்ந்துதான் வண்டியைக் கழற்றி மாட்ட வேண்டும். மூன்று வருஷமாகத் தரையில் நான், மேஜையில் என் நாத்தனார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கடுகளவு ஸ்க்ரூவைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு முடுக்குவாள். எனக்கு முழங்கால் போனதுதான் மிச்சம். இந்த முறை மேஜை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

நான் பஸ் ஓட்டுகிறவள். வண்டி சாய்வது எனக்கு ஆகவே ஆகாது. அதனால் போட்டி வண்டிக்கு இறுக்கமான ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டேன். வீட்டில் கல்லைக் கொட்டி ஓட்டிப் பழகினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் குவித்து மலை கட்டினேன். வண்டி ராஜநடை போட்டு ஏறியது.

“எப்படி?” என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

“பிரமாதம். என் தலகாணிய மட்டும் குடுத்துடு, தூக்கம் வருது.”

போட்டித் திடலில், தொடங்கும் முன் ஒரு கல்லில் ஏற்றிப் பார்க்கலாம். ஏற்றினேன். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ள, வண்டி மல்லாக்கக் கவிழ்ந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி மல்லாக்க. அப்போதுதான் உறைத்தது. வீட்டில் அமுங்கிக் கொடுத்தது தலையணை, என் ஸ்பிரிங் இல்லை. கல் யாருக்காக அமுங்கும்?

ஸ்பிரிங்கைக் கழற்றினால் வண்டியின் வயிறு தாழும். சக்கரங்கள் தொங்கி மேடு பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உச்சிக் கல்லில் வயிறு தட்டி நின்றுவிடலாம். கிளம்பிய வண்டியைக் கையால் தொடக் கூடாது. அதெல்லாம் இருக்கட்டும், கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டுமே! அதைத் தலையணைக் குவியலில் விட்டு வந்திருந்தேன்.

நாத்தனார் தன் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். “நாலு ஸ்பிரிங்கையும் கழட்டிடுங்க அண்ணி.”

“உனக்கு மேஜை போயிடும்டி.”

“தலகாணி ஏறினவங்கள ஜெயிச்சேன்னு வெளிய சொல்லவா முடியும்?”

அவள் வண்டி ஏற்கெனவே ஒரு முறை கவிழ்ந்து, புள்ளி இழந்து, ஏறி முடித்திருந்தது. என் வண்டி வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போனது. உச்சியில் கறகறவென்று நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. குறுகிய சந்தில் பஸ்ஸைத் திருப்புவதுபோலக் கொஞ்சம் பின்னால் எடுத்து, ஒடித்து, மெல்ல விட்டேன். கவிழாமல் ஏறிவிட்டது! மேஜை எனக்கு! முழங்காலை மறந்து குதித்தேன்.

மறுநாள் மேஜைமுன் மகாராணியாக உட்கார்ந்தேன். என் ஸ்க்ரூடிரைவர் தலையணைக் குவியலில் கிடைக்கவே இல்லை. நாத்தனாருடையது அவள் பெட்டியில், எண்ணெயும் அதில்தான். பெட்டி தரையில், அவள் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் எழுந்துபோய் வாங்கி வந்தேன். அவள் தரையில் என் வீட்டுக்காரரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு நானும் தரைக்கு இறங்கினேன்.

“கொஞ்சம் நகரு.”

“அப்படியே ரெண்டு தலகாணி எடுத்துட்டு வாங்க அண்ணி” என்றாள். “தரை உங்க பழைய ஸ்பிரிங் மாதிரியே இருக்கு.”