இருபது துளி

காப்பிக் காட்டிலிருந்து கூடைகள் வந்து சேரும் நேரம். ஹந்தானைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் ராக்கம்மா தகரக் குவளையோடு நின்றாள். அவளுக்குப் பதினைந்து வயது. தங்கச்சி வேலாயி மூன்று நாளாக வயிற்றுக்கடுப்பில் லயத்து அறையில் சுருண்டு கிடந்தாள். அம்மா இல்லை, அப்பன் மலையில் வேலைக்குப் போயிருந்தார்.

கிளாக்கர் சுந்தரலிங்கம் துரையின் தடித்த வைத்தியப் புத்தகத்தையும் வேலையாட்களின் வயதும் சம்பளமும் எழுதும் தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தையும் அருகருகே விரித்தார்.

"அபின் மருந்து. வளர்ந்தாக்களுக்கு இருபது துளி. பத்து வயதுப் பிள்ளைக்கு அஞ்சு. கூடினால் நித்திரையிலையே சீவன் போயிடும் எண்டு கிடக்கு." பேர்ப் புத்தகத்தில் விரலை ஓட்டினார். "வேலாயி, வயது பதினெட்டு. அப்ப இருபது."

துளிகளை எண்ணிக் குவளையில் விட்டார். ராக்கம்மா குவளைக்குள் பார்த்தாள். வேலாயிக்குப் பத்து வயது. சின்னப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அரைப்பேர்ச் சம்பளம் போதாதென்று அப்பனும் கங்காணி அழகமுத்துவும் சேர்ந்து அவளை வளர்ந்தவர்களோடு முழுப்பேராக எழுத வைத்திருந்தார்கள். சொன்னால் அப்பன் முதுகுத் தோலை உரித்துவிடுவார். சொல்லாவிட்டால்? இவ்வளவு பெரிய புத்தகத்தில் பதினெட்டு என்று போட்டிருப்பது பிழையாகுமா? முழுக்கூடை சுமந்து சுமந்து வேலாயி உள்ளுக்குள் பெரியவளாகியிருப்பாளோ? ராக்கம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னடி மரமாட்டம் நிக்கிற? கொண்டுபோய்க் குடு," என்றார் பக்கத்தில் நின்ற கங்காணி.

இரண்டு எட்டு வைத்தாள். திரும்பி வந்தாள்.

"ஐயா, இதுல கொஞ்சம் கீழ ஊத்திடவாங்க?"

"ஏன்?"

"அவளுக்குப் பத்து வயசுதாங்க. நேத்துக்கூட ஒரு பால்பல்லு விழுந்துச்சு."

கங்காணி சிரித்தார். "தூக்கங்கெட்டு ஒளறுதுங்க. பதினெட்டுன்னு நாந்தானே சொன்னேன்."

"அப்ப அவளைத் தூக்கிக்கொண்டு வாரும். பல்லைப் பாப்பம்," என்றார் கிளாக்கர்.

கங்காணி துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். கால் நகரவில்லை.

சுந்தரலிங்கம் குவளையை வாங்கி வாசலில் கவிழ்த்தார். கழுவி, ஐந்து துளி விட்டார். பதினெட்டை அடித்துப் பத்து என்று எழுதினார்.

"இனி அரைப்பேர்தானுங்களா? அப்பன் அடிப்பாருங்க."

"அப்பனை என்னட்டை அனுப்பு. நானும் அந்தப் பிள்ளையின்ரை முகத்தை ஒருக்காலும் பாராமல் எழுதினவன்தானே." பிறகு கங்காணியைப் பார்த்துச் சொன்னார்:

"வயதைப் பொய்யா எழுதினால், மருந்தும் அந்தப் பொய்க்குத்தான் அளந்து வரும், கங்காணி. ஆனா அதைக் குடிக்கிறது பிள்ளை."