வேண்டுமென்றே ஒரு தப்பு

‘போதும்’ என்ற பட்டன் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வரவேண்டும். அக்காவின் பிரார்த்தனை அவ்வளவுதான்.

பக்கவாதம் தம்பியின் பேச்சையும் வலக்கையையும் கொண்டுபோய்விட்டது. தொடுதிரைக் கணினியில் சொற்களைத் தொட்டால் அது அவனுக்காகப் பேசும். ஆனால் இடக்கைக்கு அருகில் இருந்தது ‘இன்னும்’. ‘போதும்’ எட்டாத ஓரத்தில். பாசக்காரரான அக்காவின் கணவர் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டே இருப்பார். தம்பிக்குக் கண்ணில் நீர் முட்டும்.

அப்படிப் பேசவைக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம் என்று அதன் இணையதளத்தில் போட்டிருந்தது. மருந்துக்கடையில் வேலைபார்க்கும் அக்கா, நாற்காலியை நகர்த்துவது போலத்தானே என்று அந்தக் கணினியிலேயே இறங்கிவிட்டாள். நகர்த்துமுன் ஒரு பட்டறையே போடவேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இதை நிறுவு என்றது இணையதளத்தில் இருந்த வழிகாட்டி. இதுவோ முதலில் அதை நிறுவு என்றது. அது வேறொன்றைக் கேட்டது. கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. நல்லதற்கா கெட்டதற்கா, ஒரு மண்ணும் புரியவில்லை.

“பட்டன் நகர்ந்துச்சா?” என்றார் கணவர்.

“என் மூளைதான் நகர்ந்துச்சு. சும்மா இருங்க.”

ஒருவழியாக எல்லாம் கூடிவந்தது. நிரலின் கோப்பில் பட்டனை இடப்பக்கம் மாற்றி எழுதினாள். நிரலைத் திறந்தால், பட்டன் குத்துக்கல்லாட்டம் பழைய இடத்திலேயே. கணினியை அணைத்துப் போட்டாள். சாமியைக் கும்பிட்டுத் திறந்தாள். அசையவில்லை.

நிரலை எழுதுகிறவர்களின் அரட்டைக் குழுவில் முறையிட்டாள். ‘வவ்வால்’ என்ற பெயரில் ஒருவர் பதில் போட்டார்.

“அந்தக் கோப்புல வேணும்னே ஒரு தப்பு பண்ணுங்க.”

“இதுவரைக்கும் பண்ணது பத்தாதா?”

“வாய்க்கு வந்ததை அடிச்சுட்டுத் திறங்க. பிழைன்னு அது கத்தணும்.”

அடித்தாள். நிரல் சமர்த்தாகத் திறந்தது.

“கத்தவே இல்லைங்க!”

“அப்போ நீங்க மாத்துறது ஒண்ணு, திறக்கிறது வேற ஒண்ணு. முகப்புல இருக்கிற படத்தைத் தட்டியா திறக்கிறீங்க?”

“தினமும் அதைத்தானே தட்டுறோம்?”

“அது பழைய பிரதி. புதுசைக் கறுப்புத் திரையிலேருந்து ஓட்டணும்.” கூடவே அதற்கான கட்டளையும் வந்தது.

ஓட்டினாள். திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்திகள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை அவள். உளறலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். ‘போதும்’ இடப்பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது.

“ஆண்டவன் உங்களை நல்லா வெச்சிருக்கணும். பதிலுக்கு நான் என்ன செய்யட்டும்?”

“வழிகாட்டியில இதை ஒரு வரி சேர்த்துடுங்க, அதையும் யார் வேணும்னாலும் திருத்தலாம். எனக்கும் யாரோ சொன்னதுதான்.”

முகம் தெரியாதவர் வழியாகத்தான் கடவுள் வருவார் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. “ஒரே ஒரு வாய், மச்சான்,” என்று கரண்டியை நீட்டினார் கணவர்.

தம்பியின் இடக்கை மெல்ல நகர்ந்தது. “போதும்,” என்றது கணினி.

“அரை வாய்?”

“போதும். போதும்.”

கரண்டி தட்டுக்குத் திரும்பியது. “அடேயப்பா, இத்தனை நாளா மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தியா?” என்றார் அவர். தம்பி வாய் கோணச் சிரித்தான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கைப்பேசியில் வழிகாட்டியைத் திறந்தாள். ‘மாற்றம் தெரியவில்லையா? கோப்பில் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து பாருங்கள்’ என்று எழுதினாள். படிக்கிறவர் மிரண்டுபோவாரே என்று தோன்றியது. அதற்கு மேலே இன்னொன்றும் சேர்த்தாள்: ‘பயப்படாதீர்கள்.’