பிணை நின்ற மாமா

நான் பல்கலைக்கழகத்தில் நிதி முகாமைத்துவம் படிக்கிறேன். சென்ற வருடம் புதுமுக மாணவர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிக் கைதட்டல் வாங்கினேன். அப்போது என் சட்டைப்பையில் இருந்த போன் கடனுக்கு வாங்கியது. அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது. கூட்டு வட்டிப் பாடத்தில் எனக்கு ஏ.

மூன்றாவது கடனைக் கொடுத்த கம்பெனி ஒரு பிணையாளரைக் கேட்டது. குடும்பத்தில் மூத்தவராக இருக்க வேண்டும், போனில் வந்து சம்மதம் சொன்னால் போதும் என்றார்கள். எங்கள் மாத்தளை டவுனில் யாருடைய பெயரைப் போட்டாலும் பொழுது சாய்வதற்குள் அது அப்பாவின் காதுக்குப் போய்விடும். அப்பா மெயின் வீதியில் ஸக்கரியா ஹாஜியாரின் மிளகுக் கடையில் வெகு காலமாக வேலைக்கு நிற்கிறார். மகன் கெம்பஸ் போகிறான் என்பதுதான் அந்தக் கடையில் அவருக்கிருந்த ஒரே பெருமை. அதில் மண்ணைப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அம்மாவுக்கு ஓர் அண்ணனை உண்டாக்கினேன். பெயர் சோமசுந்தரம், தொழில் வயல். நம்பர், என் போனிலேயே கிடந்த இரண்டாவது சிம். ஊர் எதுவென்றுதான் கொஞ்சம் யோசித்தேன். யாரும் தேடிப் போகக் கூடாது; பஸ் குறைவாகவும் யானை அதிகமாகவும் இருக்க வேண்டும். லக்கல பக்கம், பல்லேகம என்று போட்டேன். அந்தப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

தவணை தவறியதும் சசிக்குமார் கூப்பிட ஆரம்பித்தார். கம்பெனியில் வசூலுக்கு இருப்பவர், நம் ஊர்ப்பக்கத்து ஆள். என் நம்பருக்குக் கூப்பிடுவார், நான் எடுக்கமாட்டேன். பிறகு மாமாவைக் கூப்பிடுவார். மாமா மரியாதை தெரிந்தவர், எடுப்பார்.

“ஐயா, உங்க மருமகன் போனே எடுக்குறாரில்லைங்க.”

“அவன் எங்க எடுக்கப்போறான்? தறுதலை! படிக்கிறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறான்,” என்று இருமிக்கொண்டே கரகரத்த குரலில் சொல்வேன்.

திட்டத் திட்ட எனக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது. சோம்பேறி, வெட்டிப் பந்தாக்காரன், அப்பன் வேர்வையில் குளிர் காய்கிறவன் என்று மாமா அடுக்குவார். என்னைப் பற்றி அவ்வளவு சரியாக யாரும் பேசியதில்லை. சில நாள் சசிக்குமாரே, “விடுங்கய்யா, உங்களுக்கு பிரஷர் ஏறிரும்,” என்று ஆறுதல் சொல்வார். பணத்தைக் கேட்டால் மாமா யானையைக் காட்டிவிடுவார். வேலியை உடைத்தது, நெல்லைத் தின்றது, மிச்சத்தை மிதித்தது. யானைகள் புண்ணியத்தில் என் பிழைப்பு ஓடியது.

நியாயமாக நான் மாணவர் ஆலோசகரிடம் போயிருக்க வேண்டும். கடன்பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டத்தான் அவரை வைத்திருக்கிறார்கள். ஆனால் என் சிக்கனப் பேச்சுக்கு முதலில் கைதட்டியவரே அவர்தான். அதற்குள் ஊழியர்களின் வேலைநிறுத்தம் வந்து பல்கலைக்கழகத்தை மூடினார்கள். நான் வீட்டுக்கு வந்து பின்னறையில் குடியேறினேன். மாமாவும் கூடவே வந்தார்.

ஒரு நாள் பின்னேரம் மாமாவின் நம்பர் அடித்தது. இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு இருமினேன்.

“ஐயா, நேர்ல பார்த்துப் பேசிருவோம்னு வந்துட்டேங்க. பல்லேகமயிலதான் நிக்கிறேன். நீங்க குடுத்த அட்ரஸைக் கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க. பழைய டவுன் நீர்த்தேக்கத்துக்குள்ள போய் வருஷக்கணக்காச்சாம்.”

என் மாமா இவ்வளவு காலமும் தண்ணீருக்கடியில் வயல் செய்துகொண்டிருந்திருக்கிறார். அங்கேயே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாமாதான் முந்திக்கொண்டார்.

“நாங்க மேட்டுப்பக்கம் ஏறிட்டோம் தம்பி. காட்டோரமா ஒரு ரோட்டு போகும், அதுலயே வாங்க.”

காட்டோரமாக ஒரு ரோட்டாவது இல்லாமலா போகும் என்று ஒரு தைரியம். பாதி வழியில் அலுத்துத் திரும்பிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். என் கணக்குகளின் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

பொழுது சாயும் நேரம் மறுபடியும் அடித்தது. இந்தமுறை சசிக்குமாரின் குரல் இறங்கியிருந்தது.

“ஐயா, பைக் டயர் போயிருச்சுங்க. சுத்திவர ஒரு வீடும் இல்ல. ரோட்டுல யானை லத்தி கிடக்கு, இன்னும் ஆவி பறக்குது. உங்க வீடு கிட்டத்தானே? வெளிய வந்து கொஞ்சம் டோர்ச் அடிச்சுக் காட்டுங்கய்யா. அதைப் பார்த்து வந்துருவேன்.”

இல்லாத வீட்டிலிருந்து வெளிச்சம் வரும் என்று ஒரு மனுசன் காட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அனுப்பியவன் நான். அவருக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சசிக்குமார் அண்ணே,” என்றேன், என் சொந்தக் குரலில். “மாமான்னு யாருமே இல்ல. நான் நிரஞ்சன். அங்க வீடும் இல்ல, வயலும் இல்ல. தயவுசெஞ்சு திரும்பிப் போயிருங்க.”

அவர் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்ப யானை?”

“அது மட்டும் உண்மைண்ணே.”

பிறகு அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். வரும் வழியில் தேத்தண்ணி குடித்த கடை ஒன்று இருப்பதாகச் சொல்லி, பைக்கை அங்கேயே விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்.

“போனை வைக்காத. பேசிக்கிட்டே இரு. எனக்குப் பயமா இருக்கு.”

“என்ன பேசுறதுண்ணே?”

“மாமா மாதிரியே பேசு. அதுதான் பழகிப்போச்சு.”

பேசினேன். யானைக்கும் கேட்கட்டும் என்று தொண்டை கிழியப் பேசினேன். உருப்படாதவனே, ஒரு மனுசனைக் காட்டில் கொண்டுபோய் விட்டாயே என்று என்னை நானே விளாசினேன். கடைசியில் நாய் குரைப்பதும் யாரோ சிங்களத்தில் அவரைக் கூப்பிடுவதும் கேட்டன. “கடைக்கு வந்துட்டேன்,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் அறை வாசலில் அப்பா. அவருக்குப் பின்னால் அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“தம்பி,” என்றார் அப்பா. அவ்வளவு மெதுவாக அவர் என்னிடம் பேசியதேயில்லை. “நாளைக்குக் கண்டிக்கு ஒருக்கா போயிட்டு வருவோம். நல்ல டாக்டர் இருக்காரு. பயப்பட ஒண்ணுமில்ல.”

“எதுக்குப்பா?”

“நீ வந்த நாள்லருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். கெழவன் குரல்ல உன்னைய நீயே ஏசிக்கிற. அம்மா சரியாச் சாப்பிடுறதே இல்ல.”

இயர்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“கடன்தானா?” அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “கடன்தானாம்டி!” அம்மா சாமிப் படம் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டு அழுதார். என் பட்டமளிப்பு விழாவில்கூட அவர்கள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம் வரப்போவதில்லை.

“எவ்வளவு?”

“ஒரு லட்சத்து அறுபதாயிரம்.”

அப்பா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். “இதுக்கு அதுவே தேவலடா,” என்றார்.

இரண்டு நாள் கழித்துச் சசிக்குமார் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலி போட்டு, முதலில் டயருக்கான காசைக் கொடுத்தார். சசிக்குமார் என் முகத்தைப் பார்க்காமல் அப்பாவிடமே பேசினார்.

“கெம்பஸ்ல ஒரு கடிதம் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. படிக்கிற பிள்ளைன்னு காட்டுனா தாமத வட்டியை நிப்பாட்டிட்டு, மிச்சத்தைச் சின்னத் தவணையாக் கட்ட விடுவாங்க. முதல் நாளே போனை எடுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்.”

எனக்கு உதவி செய்யக்கூடிய ஒரே ஆளைத்தான் நான் யானையிடம் அனுப்பியிருக்கிறேன். ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பல்கலைக்கழகம் மூடியிருந்தும் அன்றைக்கே கடிதம் வந்தது. சிக்கனப் பேச்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆனால் இன்னொரு விஷயம் பாக்கியிருந்தது. என்னை டாக்டரிடம் காட்டுவதற்கென்று அப்பா ஹாஜியாரிடம் இருபதாயிரம் கடன் வாங்கியிருந்தார். அந்தக் கடையில் ஒரு நாளும் கை நீட்டாத மனுசன்.

“பொய் சொல்லி வாங்குன மாதிரி ஆயிருச்சு,” என்றார். “வா, நீயே வந்து சொல்லு.”

கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஹாஜியார் முன்னால் போய் நின்று சொன்னேன். எனக்கு ஒன்றுமில்லை, கடன்தான்; இல்லாத மாமா ஒருவரை உண்டாக்கி அவருடைய குரலில் நானே பேசினேன்; அவருடைய ஊர் தண்ணீருக்குள்ளே இருக்கிறது; அவர் வயலை யானை மிதித்துவிட்டது. சொல்லச் சொல்ல எனக்கே அது சரியாகப் படவில்லை. ஹாஜியாரின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் தலையைத் தடவினார்.

“சரி மகன், சரி. மாமா இப்ப நல்லா இருக்காருதானே?”

பிறகு மேசை லாச்சியைத் திறந்து இன்னும் ஐயாயிரத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். “தர்மேந்திரன், இன்டைக்கே கூட்டிட்டுப் போங்க. காசைப் பத்தி யோசிக்காதீங்க.”

அப்பா அதை வாங்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம்தான் அவர் இத்தனை வருடமும் என் மார்க்குகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அவனுக்குத் தலையில ஒண்ணுமில்ல முதலாளி,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “கடன் வாங்கிட்டுப் பொய் சொல்லியிருக்கான். அவ்வளவுதான்.”

அப்பா சொன்னதால் ஹாஜியார் நம்பினார். மாமாவின் குரலில் நான் என்னை எவ்வளவோ திட்டியிருக்கிறேன், ஒரு திட்டும் என்மீது ஒட்டவில்லை. அப்பா திட்டவேயில்லை. அந்த ஒரு வரியை அவர் வாயால் அந்தக் கடையில் சொல்ல வைத்துவிட்டேனே என்றுதான் தலைகுனிந்து நின்றேன்.