முப்புடாதி கடித்த கை

விளையாட்டுப் பதிவு அலுவலகத்தின் தாழ்வாரத்தை ஒரே மூச்சில்தான் கடக்க வேண்டும். அது அங்கே உள்ள நடைமுறை. வாசலில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கோட்டை மிதித்ததும் ‘கபடி, கபடி’ என்று ஆரம்பிக்க வேண்டும். பாதியில் மூச்சு விட்டால் திரும்பி வந்து முதலிலிருந்து நடக்க வேண்டியதுதான். மனதில் எதையாவது மறைத்து வைத்திருப்பவர்களுக்குத் தாழ்வாரம் கொஞ்சம் நீளும். இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

முப்புடாதி ஒரே மூச்சில் போய்விட்டாள். பதினேழு வயது. நெஞ்சில் காற்றுக்கு என்ன பஞ்சம்? கூட வந்த அக்கா செல்லக்கனிக்கு நான்கு தடவை ஆனது. நான்காவது தடவை பார்த்தால் தாழ்வாரத்தில் புதிதாக இரண்டு ஜன்னல் முளைத்திருந்தது.

“நீ ஆடினதே இல்லேல்லா யக்கா, அதான் மூச்சு நிக்கல” என்றாள் முப்புடாதி.

“ஆமாட்டி” என்றாள் செல்லக்கனி.

மாநில ஜூனியர் அணித் தேர்வுக்கு முப்புடாதியின் பெயர் வந்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு வேன். பதிவு எண் இல்லாமல் வேனில் ஏற்ற மாட்டார்கள். எண் வாங்கத்தான் வந்திருந்தார்கள்.

கவுண்டரில் திரவியம் சார் எடை மெஷின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் யாராவது பொய் சொன்னால் அவருக்கு எடை கூடும். வேலையில் சேரும்போது அறுபத்தைந்து கிலோ. இப்போது நூற்றுப் பதினெட்டு. டாக்டரிடம் காட்டினார். டாக்டரும் ஏதோ சொல்லி ஒரு கிலோ கூட்டித்தான் அனுப்பினாராம்.

“பேரு?”

“முப்புடாதி, சார்.”

“ஏற்கெனவே இருக்கியே.”

“எங்க சார்?”

“இங்கதான்.” அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “மூணு வருசத்துக்கு முன்ன சப் ஜூனியர்ல ஏழு மேட்ச் ஆடியிருக்க. நாப்பத்தோரு பாயிண்ட். பைனல்ல ஒருத்தியக் கடிச்சிருக்க.”

“அப்ப எனக்குக் கபடியே தெரியாது சார்.”

“உனக்குத் தெரியாம இருக்கலாம். பதிவுக்குத் தெரியும்.”

எடை மெஷினின் முள் அசையவில்லை. முப்புடாதி சொன்னது உண்மை. ஆடியது செல்லக்கனி.

அந்தக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். சப் ஜூனியரில் ஆடப் பதினாறு வயதுக்குள் இருக்க வேண்டும். செல்லக்கனிக்கு ஒன்பது மாதம் அதிகமாகிவிட்டது. அதற்கு முன் மூன்று வருடமும் கடைசி நாளில் பட்டியலில் இருந்து அடிபட்டவள். விளையாட்டு ஆசிரியை ரூபி டீச்சர்தான் வழி சொன்னார். “ஒனக்குத் தங்கச்சி இருக்காள்லா? அவ சர்டிபிகேட்ட எடுத்துட்டு வாட்டி. ஊர்ல எல்லாரும் செய்யுறதுதான்.” செல்லக்கனி தகரப் பெட்டியைத் திறந்தாள். வீட்டில் என்.எஸ்.எஸ். முகாம் என்று சொன்னாள். ஏழு மேட்ச் ஆடினாள். அப்படி ஓர் ஆட்டத்தை அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. பேப்பரில் ‘முப்புடாதி அபாரம்’ என்று போட்டான். அப்பா அதைச் சத்தமாக வாசித்தார். “நம்ம பிள்ள பேருலயே ஒருத்தி ஆடுதா பாரேன்” என்று சிரித்தார். செல்லக்கனியும் சிரித்தாள். பாவி மகள், அழுதிருக்க வேண்டியவள்.

பைனலில் ஜெபராணி என்ற பெண் அவள் கணுக்காலைப் பிடித்துச் சாய்த்தாள். நடுக்கோடு ஒரு சாண் தூரம். ஜெபராணியின் கை வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. செல்லக்கனி கடித்துவிட்டாள்; பிடி தளரவும் கோட்டைத் தொட்டு ஜெபராணியை அவுட்டாக்கினாள். நடுவர் பெயர் கேட்டார். அவள் தடுமாறவே இல்லை. முப்புடாதி என்றாள். அன்றைக்கு வரும் வழியில் தங்கச்சிக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தாள்.

“மூணு வருசத் தடை போட்டிருக்கு” என்றார் திரவியம் சார். “ஆளு நேர்ல வந்தாத்தான் தடை ஓட ஆரம்பிக்கும். இன்னைக்கு வந்துட்ட. இன்னைலருந்து கணக்கு.”

“மூணு வருசத்துல எனக்கு இருபது முடிஞ்சிருமே சார். ஜூனியர்லயே ஆட முடியாதே.”

“முடியட்டும். எல்லாருக்கும் முடியுறதுதான்.”

முப்புடாதி அக்காவைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது அப்போதுதான். செல்லக்கனி ரூபி டீச்சரைத் தேடினாள். ரூபி டீச்சர் சுவரோரமாக பீரோவாக நின்றிருந்தார். பென்சன் வரும்வரை அப்படித்தான் நிற்பாராம். பச்சை நிறம், ஒரு கதவு சரியாகச் சாத்தாது.

“டீச்சர், நீங்களாவது சொல்லுங்க டீச்சர்” என்று கிசுகிசுத்தாள்.

சாத்தாத கதவு லேசாகக் கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

எடை மெஷினின் முள் கால் கிலோ ஏறியது. “யாரோ எனக்கு எடை கூட்டுதீங்க” என்று திரவியம் சார் எரிந்து விழுந்தார். “சும்மா நின்னாலும் ஏறும், தெரிஞ்சுக்கோங்க.” பிறகு பதிவேட்டில் விரலை வைத்தார். “அடையாளம், இடது முழங்கால்ல பிறை மாதிரி ஒரு தழும்பு.”

“எனக்குத் தழும்பே கிடையாது சார்.”

“பாரு.”

முப்புடாதி குனிந்து பார்த்தாள். பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்தது. செல்லக்கனி தன் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். அங்கே வழவழவென்று இருந்தது. ஐயோ, இது அடுக்குமா என்று அவளுக்கு இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அடுத்த கேள்வியோடு விட்டுவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

“எந்தப் பல்லால கடிச்ச?”

“தெரியாது சார்.”

“யோசி.”

முப்புடாதி யோசித்தாள். நாக்கால் பற்களைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. “மேல்பல்லு, சார். வலது பக்கம்” என்றாள். முள் அசையவில்லை.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் தரையில் ஒரு கட்டம் வரைந்திருந்தது. ஆட்டத்தில் அவுட்டானவர்கள் உட்காரும் கட்டம். அதில் ஜெபராணி உட்கார்ந்திருந்தாள். மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறாள். நாலாம் நம்பர் பனியன். கையை நீட்டியபடி வைத்திருந்தாள். பல் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. அவளுடைய அம்மா தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டு வருவாள். அலுவலகத்தில் அந்த அம்மாவையும் ஒரு பணியாளர் என்றே நினைத்திருந்தார்கள்.

முப்புடாதி அந்தக் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அக்காவைக் கவுண்டரிலிருந்து தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் இப்போது அக்காவைப் போல இடது காலை லேசாக இழுத்து நடந்தாள்.

“யக்கா, கடிச்சது நான்தான்” என்றாள். “எப்படி மறந்தேன்னு தெரியல. கை உப்புக் கரிச்சுது. அவ ‘அம்மா’ன்னு கத்துனா. எனக்கு வெக்கமா இருக்குக்கா. ஒன்னையும் கூட்டிட்டு வந்து அவமானப்படுத்திட்டேன். அம்மாட்ட மட்டும் சொல்லிராத.”

“சொல்ல மாட்டேன்” என்றாள் செல்லக்கனி.

சொன்னாள். நம்புங்கள், அதைத்தான் சொன்னாள். சொன்னதும் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. மூன்று வருடமாக அவளைப் பிடுங்கித் தின்ற வெட்கம் எழுந்து போய் அடுத்தவள் முகத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த முகம் கறுத்துச் சிறுத்துவிட்டது. சின்ன வயதில் சாப்பாட்டில் முட்டையைப் பாதியாக்கி, பெரிய பாதியை அக்காவுக்குத் தள்ளிவிடும் முகம் அது. 

செல்லக்கனி கவுண்டருக்குப் போனாள்.

“கடிச்சது நான்தான் சார்.”

“நீ யாரு?”

“செல்லக்கனி. இவளுக்கு அக்கா.”

திரவியம் சார் ஏட்டைப் புரட்டினார். “செல்லக்கனின்னு யாரும் கிடையாது.”

“நிக்கேனே சார்.”

“நிக்க. ஆனா பதிவுல கிடையாது. இல்லாதவ சொல்லுதத நான் எப்படி எழுத? மொதல்ல இருக்கதுக்கு ஒரு பாரம் போடு.”

அவள் படிவம் எழுதினாள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி. கடைசி வரியில் ‘முதல் ஆட்டம் அல்லது முதல் குற்றம்’ என்று கேட்டிருந்தது. ஒன்றை அடித்துவிட்டு மற்றதை நிரப்பச் சொன்னார். அவள் ஆட்டத்தை அடித்தாள். திரவியம் சார் அதைப் புது ஏட்டில் ஏற்றினார். செல்லக்கனி என்று சொந்தப் பெயரை விளையாட்டு ஏட்டில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு கணம் சந்தோசமாகக்கூட இருந்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

“இப்பச் சொல்லு. சத்தமா.”

“தங்கச்சி சர்டிபிகேட்ட வச்சு ஏழு மேட்ச் ஆடுனது நான். ஜெபராணியக் கடிச்சது நான். நடுவர்ட்ட பேர மாத்திச் சொன்னதும் நான்தான்.”

அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பீரோவின் சாத்தாத கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. முள் மளமளவென்று இறங்கி நூற்றுப் பத்தில் நின்றது. திரவியம் சார் பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கிக்கொண்டார். செல்லக்கனிக்கு முழங்காலில் சுருக்கென்றது. தழும்பு வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு பக்கம் ஆள் அவுட்டானால் எதிர்ப்பக்கம் ஆள் எழுந்திருக்கலாம். கபடியில் அது சட்டம். ஜெபராணி எழுந்தாள். டவுசரில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். நீட்டிய கையை மடக்க முடிகிறதா என்று பார்த்தாள். முடிந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு செல்லக்கனியின் அருகே வந்தாள்.

“மூணு வருசம்” என்றாள்.

“தெரியும்” என்றாள் செல்லக்கனி.

“தெரியாது” என்று சொல்லிவிட்டு ஜெபராணி வெளியே போனாள். வெளியே போவதற்கு மூச்சுப் பிடிக்க வேண்டியதில்லை.

திரவியம் சார் பேனாவால் காலியான கட்டத்தைக் காட்டினார். செல்லக்கனி போய் உட்கார்ந்தாள். தரை இன்னும் சூடாக இருந்தது.

“எப்ப எந்திரிக்கலாம் சார்?”

“ஒங்க பக்கம் யாராவது ஒரு பாயிண்ட் எடுத்தா.”

“எங்க பக்கம் யாரு?”

 திரவியம் சார் முப்புடாதிக்குப் புது எண் எழுதிக்கொண்டிருந்தார். சுத்தமான பக்கம். ஒரு மேட்ச்கூட இல்லை, ஒரு கடிகூட இல்லை. முப்புடாதி கட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றாள். கோட்டைத் தாண்டவில்லை.

“நீ கடிச்சது போட்டும்” என்றாள். “நான் ஒன்ட்ட மன்னிப்புக் கேட்டேன். நீ கேட்டுட்டு நின்ன.”

“முப்பு...”

“நின்னியா இல்லையா?”

“நின்னேன்.”

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. முப்புடாதி கவுண்டருக்குத் திரும்பினாள். அவள் கால் இப்போது நன்றாக இருந்தது.

“ஒரு கேள்வி பாக்கி இருக்கு” என்றார் திரவியம் சார். “கூட யாரு வந்தா?”

முப்புடாதி கட்டத்தின் பக்கம் திரும்பினாள். செல்லக்கனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையைத் தூக்கலாமா என்று நினைத்தாள். தூக்கவில்லை.

“யாரும் வரல சார்” என்றாள் முப்புடாதி.

தடுமாறவே இல்லை. அந்தக் குரலும் அந்த முகமும் செல்லக்கனிக்குத் தெரியும். அன்று நடுவர் பெயர் கேட்டபோது தனக்கு இருந்தவை அவை. தழும்பையும் நடையையும் திரும்பப் பிடுங்கிக்கொண்டவள் இதை மட்டும் தங்கச்சியிடம் விட்டுவிட்டாள்.

முள் அரைக் கிலோ ஏறியது. திரவியம் சார் அதைப் பார்த்தார். பெல்ட்டைப் பழைய ஓட்டைக்கு மாற்றிக்கொண்டு எண்ணை நீட்டினார். முப்புடாதி வாங்கிக்கொண்டு ஓடினாள். வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. செல்லக்கனி கோட்டுக்குள் காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு பாயிண்டுக்கான விசில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.